கீழ்த்திசையில் ஒரு ஜாஸ் தலைவர்

1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்த திருக்கோணமலைத் துறைமுகத்துக்கு ஈராண்டின் பின் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலான சரட்டோகா வந்து சேர்ந்தது. அதில் வந்த மாலுமிகளின் தாய்நாட்டில் அக்காலத்தில் பெரு வாத்தியக்குழுக்களின் ஜாஸ் இசையே கோலோச்சியது. எக்காளமும் சாக்ஸபோனுமாகப் பத்துப் பதினைந்து பேரை அணிவகுத்து நடத்தும் தலைவர், திரைப்பட நட்சத்திரத்துக்கு நிகரானவர். அத்தகைய தலைவர் ஒருவர் அக்கப்பல் வருமுன்னரே இலங்கையில் குழு நடத்திச் சென்றதைப் பலர் அறியார். அவர் பெயர் டெடி வெதர்போர்ட்.

கறுப்பினத்தவரான அவர் 1903இல் வர்ஜீனியாவிற் பிறந்து, நியூ ஓர்லியன்சிற் பியானோ பயின்றார். பின்னர் சிக்காகோவில், ஊமைப்படங்களுக்கு வாசித்த எர்ஸ்கின் டேட்டின் குழுவிற் சேர்ந்தார். லூயி ஆம்ஸ்ட்ராங் அங்கே அவருடைய தோழர். 1926இல் இருவரும் ஒரே இசைத்தட்டில் வாசித்தனர். அவ்வாண்டே வெதர்போர்ட் கப்பலேறி ஆசியா வந்தார்.

அவசரப்பட்டுவிட்டார் என்று சொல்லத் தோன்றும். 1935இல் பென்னி குட்மனின் வெற்றியோடு பெருங்குழுக்களின் பொற்காலம் தொடங்கியபோது அவர் அங்கு இல்லை. ஆயினும் எனக்கு அவர்மீது குறை காண மனம் வரவில்லை. தாய்நாட்டில் நிறத்தடை வழிமறித்த ஒரு கலைஞர் ஷங்காயில் தாமே பிறரை வரவழைக்கும் நிலைக்கு உயர்ந்தார். 1934இல் பக் கிளேட்டனின் குழுவை அந்நகருக்குக் கொணர்ந்தவர் அவரே. கிளேட்டனோ நாடு திரும்பிக் கவுண்ட் பேசியின் குழுவிற் புகழடைந்தார். அழைத்தவர் கீழ்த்திசையிலேயே தங்கிவிட்டார்.

1937இல் பாரிஸ் சென்று மீண்டபின், கிரிக்கெட் ஸ்மித் என்னும் எக்காளக் கலைஞரின் குழுவில் பத்தாவியாவிலே சேர்ந்தார். அக்குழுவின் தலைமை அவர் கைக்கு வந்தது. அதனோடுதான் இலங்கைக்கும் வந்தார். பம்பாய் தாஜ்மகால் விடுதியிலும் அவர் பியானோ ஒலித்தது.

போர் அவரைக் கல்கத்தாவில் நிறுத்தியது. கிராண்ட் விடுதியில் பல இனக் கலைஞரைக் கொண்டு குழு அமைத்தார். அமெரிக்கப் படைவீரருக்கான வானொலியிலும் அவர் இசை ஒலிபரப்பாயிற்று. 1943இலோ, விடுதியினுள்ளே நடனம். வெளியே நடைபாதைகளிற் பஞ்சத்தில் வாடி மடிந்த வங்க மக்கள். இரண்டுக்கும் இடையே ஒரு சுவர்தான்.

அந்நகரின் வாந்திபேதி சுவரைப் பொருட்படுத்தவில்லை. 1945 ஏப்ரல் 25இல் அது வெதர்போர்டைக் கொண்டுபோயிற்று, வயது நாற்பத்தொன்று. போர் ஓய நான்கு மாதங்கூட இருக்கவில்லை. கல்கத்தாவிற் கொலம்பியா நிறுவனத்துக்காக அவர் பதிந்த இசைத்தட்டுகள் எஞ்சின.