அறிவுக்கு முகவரி தந்தவர்

அறிவு நாள்தோறும் பெருகுகிறது. தேடுவோர் கைக்கு எட்டாத அறிவோ இருந்தும் பயனற்றது. அவ்வறிவை ஒழுங்குபடுத்துவதையே வாழ்நாள் பணியாகக் கொண்டவர் சீர்காழி இரா. அரங்கநாதன்.

1892ஆம் ஆண்டு சீர்காழியில் பிறந்த அவர், சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெற்று, கல்லூரி ஆசிரியரானார். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். மாணவர் சூழ வாழ்ந்தவரால் நூலகத்தின் தனிமையைத் தாங்க இயலவில்லை; வகுப்பறைக்கே திரும்ப விரும்பினார். இலண்டன் சென்று பயின்று வந்தபின் முடிவெடுக்குமாறு மாநிலக் கல்லூரி முதல்வர் அறிவுறுத்தினார். அப்பயணமே திருப்புமுனையாயிற்று.

அக்காலத்தில் பரவியிருந்த தூயி தசமப் பகுப்புமுறை, துறைகளை முன்கூட்டியே பட்டியலிட்டு எண் வழங்கியது. பல துறைகள் கலந்து பிறந்த புதிய நூலுக்கு அப்பட்டியலில் உரிய இடம் எளிதில் அமையவில்லை. இலண்டன் கடையொன்றில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளை அரங்கநாதன் கண்டார். அதன் துண்டுகளையே மாற்றி மாற்றிப் பொருத்திப் பல உருவங்களை அமைக்க முடிந்தது. நூல் பேசும் பொருளையும் அவ்வாறே கூறுகளாகப் பிரித்து இணைக்கலாம் என உணர்ந்தார். கூறுகளை முக்காற்புள்ளியால் இணைத்தமையால் அம்முறை கோலன் பகுப்புமுறை எனப் பெயர் பெற்று, 1933இல் நூலாக வெளிவந்தது.

பின்னர் அக்கூறுகளை ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என ஐந்தாக வகுத்தார். பெயர்ச்சொல்லைப் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் எனப் பகுக்கும் தமிழிலக்கணம் பயின்றோர்க்கு இது எளிதில் விளங்கும். திருத்தணியை அடுத்த திருவாலங்காட்டில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை உள்ளது. அங்குக் கரும்புச்சாற்றைக் காய்ச்சிச் செறிவாக்கும் முறை குறித்து ஒரு நூல் இருப்பதாகக் கொள்வோம். சர்க்கரை ஆளுமை, கரும்புச்சாறு பொருள், ஆவியாக்கல் ஆற்றல், திருவாலங்காடு இடம், நூல் பேசும் ஆண்டு காலம். வேறொரு நூல் படிகமாக்கலைப் பற்றியதாயின், ஆற்றல் என்னும் கூறு மட்டுமே மாறும்.

வேதித் தொழிற்சாலையின் செயல்முறைகளைக் கணினியில் மாதிரியாக்குவோர்க்கும் இன்று இத்தகைய ஒழுங்கு தேவைப்படுகிறது. மூலப்பொருள், கருவி, செயல், வெப்பநிலை ஆகியவற்றைத் தனித்தனியே வரையறுத்து, அவற்றின் தொடர்புகளையும் குறித்தால்தான் ஒருவர் அமைத்த மாதிரி மற்றவருக்கும் பயன்படும்.

அறிவைப் பகுத்ததோடு அவர் நின்றுவிடவில்லை. அது எளியோரையும் சென்றடைய உழைத்தார். அவரது முயற்சியின் பயனாக 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. 1957இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1962இல் பெங்களூருவில் ஆவணவியல் ஆராய்ச்சி, பயிற்சி மையத்தை நிறுவினார். 1972இல் மறைந்தார். இந்திய நூலகவியலின் தந்தை என அவரை நாடு போற்றுகிறது.