மடி தந்த நிவேதிதா

போன வருஷம் பாட்டி மருத்துவமனையில் கடைசி நாட்களில் இருந்தார். இரவு வேலைக்கு வரும் தாதி ஒருவர், ஊசி போட்ட பிறகும் உடனே போகமாட்டார். பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்காருவார். அப்புறம்தான் பாட்டிக்குத் தூக்கம் வரும். பக்கத்தில் இருந்த நானோ கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாகிவிட்டது. அப்போது நினைவுக்கு வந்தவர் சகோதரி நிவேதிதா.

1867-இல் அயர்லாந்தில் பிறந்த மார்கரெட் நோபிள் அவர். ஆசிரியையாக இருந்தவர், சுவாமி விவேகானந்தரைக் குருவாக ஏற்று 1898-இல் கல்கத்தா வந்தார். மறு வருஷமே அங்கே பிளேக் பரவியது. நிவேதிதா துடைப்பம் எடுத்துத் தெருவைக் கூட்டினார்; நோயாளிகளைத் தேடிக் குடிசைகளுக்குப் போனார்.

பாக்பஜாரில் தாயை இழந்த ஒரு குழந்தைக்குப் பிளேக். கவனமாக இருக்கும்படி டாக்டர் ஆர்.ஜி. கர் எச்சரித்திருந்தார். திரும்பி வந்து பார்த்தால், ஈரக் குடிசைக்குள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் நிவேதிதா! சுவருக்குச் சுண்ணாம்பும் அவரே அடித்தார். குழந்தை பிழைக்கவில்லை. ஆனால் அநாதையாகச் சாகவில்லை. அவரை அம்மா என்று நினைத்துக் கட்டிக்கொண்டே கண்மூடியது.

மகாகவி பாரதியார் குருவாக வணங்கியதும் இவரைத்தான். 1911-இல் டார்ஜிலிங்கில் மறைந்தபோது அவருக்கு வயது 43.

நண்பர்களே, நோயைத் தீர்க்க நம்மால் முடியாமல் போகலாம். கையைப் பிடித்துக்கொண்டு உட்கார முடியும் இல்லையா? பாட்டியின் கடைசி இரண்டு இரவுகள் நான் அதைத்தான் செய்தேன்.