இருவருக்கு ஏற்ற படகு

சோழமண்டலக் கடற்கரை உலகுக்கு அளித்த சொற்களுள் ஒன்று கட்டுமரம். மரங்களைக் கயிற்றால் பிணைத்து, ஓரிருவர் ஏறிக் கடலுக்குச் செல்ல நம் மீனவர்கள் அமைத்த மிதவையின் பெயர் அது. ஐரோப்பிய மொழிகளில் புகுந்த அச்சொல், இன்று இரண்டு ஒடுங்கிய உடல்களைக் குறுக்குச் சட்டங்களால் இணைத்த பாய்மரப் படகைக் குறிக்கிறது. சொல் நம்முடையது, அந்த இரட்டைப் படகின் வடிவமோ பசிபிக் தீவு மக்களுடையது. தனியாகவோ துணைக்கு ஒருவருடனோ பெருங்கடல் கடக்க விரும்புவோர் பலர் இன்று நாடும் இப்படகின் தகுதியை மெய்ப்பித்துக் காட்டியவர்களுள் முன்னோடி, பிரான்ஸ் நாட்டு மாலுமி எரிக் டி பிஸ்ஷோப்.

வட பிரான்ஸில் 1891-ஆம் ஆண்டு பிறந்த அவர், இளமையிலேயே கடல்தொழிலைத் தேர்ந்தெடுத்தார். முதல் உலகப் போரில் கடற்படையிலும் பின்னர் அதன் விமானப் பிரிவிலும் பணியாற்றி, ஒரு விமான விபத்தில் உயிர் தப்பினார். போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் சீனா சென்ற அவருக்கு, பிரிட்டனி பகுதியைச் சேர்ந்த ஜோசப் தத்திபுவே என்ற துணைவர் கிடைத்தார். அடுத்த பல ஆண்டுகள் இருவரும் ஒரே படகில் வாழ்ந்தனர். அந்த நட்பின் வரலாறு, ஒரு வகையில், அவர்கள் தேர்ந்தெடுத்த படகுகளின் வரலாறும் ஆகும்.

முதலில் அவர்கள் கட்டியது 40 டன் எடையுள்ள சீன மரக்கலம். இரண்டு பேரின் கைகளுக்கு அது மிகப் பெரிது. 1933-இல் ஃபார்மோசா கரையோரம் புயலில் அது அழிந்தது. மனம் தளராத இருவரும் அதைவிடப் பன்மடங்கு சிறிய மற்றொரு மரக்கலத்தைக் கட்டினர். ‘ஃபூ போ’ என்பது அதன் பெயர். அதில் ஆஸ்திரேலியக் கடற்பகுதியையும் நியூ கினியையும் சுற்றினர். அப்போது ஜப்பானின் ஆட்சியில் இருந்த மார்ஷல் தீவுகளில், உளவாளிகளோ என்ற ஐயத்துக்கும் ஆளாயினர். அங்கிருந்து கிழக்கு நோக்கிய பயணத்தில் உணவு தீர்ந்தது. 1935 அக்டோபரில், ஹவாயின் மொலோகாய் தீவில் தொழுநோயாளர்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்த கலாவுபாபா குடியிருப்பின் கரையை அவர்கள் அடைந்தபோது, இருவரும் பட்டினியால் குற்றுயிராக இருந்தனர். ஊரார் ஒதுக்கி வைத்த மக்கள் வாழ்ந்த அந்த இடமே அவர்களுக்கு உயிர் கொடுத்தது. ஆனால், உடல் தேறுவதற்குள் இன்னொரு புயல் வந்தது. கரையில் நின்ற ‘ஃபூ போ’ நொறுங்கியது. பல ஆண்டுகளாகச் சேர்த்த குறிப்புகளும் அதனுடன் போயின.

ஏறத்தாழ வெறுங்கையுடன் நின்ற அந்த வேளையில்தான், அவருடைய வாழ்வின் மிக முக்கியமான தேர்வு நிகழ்ந்தது. மூன்றாவதாக ஒரு சீன மரக்கலத்தைக் கட்டியிருக்கலாம். ஐரோப்பிய முறைப்படி, ஆழ்ந்த அடிப்பகுதியும் ஈயப் பாரமும் கொண்ட படகுக்கும் முயன்றிருக்கலாம். அவரோ ஹவாய் மக்களின் பழைய இரட்டைப் படகைத் தேர்ந்தெடுத்தார். அன்றைய ஐரோப்பியக் கப்பல் கலைஞர்கள் பலருக்கு அது அருங்காட்சியகப் பொருள். கரையோரத்துக்கு ஏற்றது, பெருங்கடலின் அலையில் இரண்டாகப் பிளந்துவிடும் என்பது பரவலான கருத்து.

அவருடைய தேர்வுக்கு வலுவான காரணங்கள் இருந்தன. ஒற்றை உடல் படகு, சாயாமல் நிற்க அடியில் பெரும் பாரத்தைச் சுமக்கிறது. அந்தப் பாரத்தை இழுக்கப் பெரிய பாய் வேண்டும். பெரிய பாயைக் கையாளப் பல கைகள் வேண்டும். இரட்டைப் படகுக்கு அகலமே பலம். பாரம் இல்லாததால் எடை குறைவு. எடை குறைந்தால் சிறிய பாய் போதும். சிறிய பாய்க்கு இருவர் போதும். ஆழம் குறைந்த அடிப்பகுதி பவளத்திட்டுகளைக் கடந்து கரையை அணுக உதவும். சீனத்தில் கற்ற பாடத்தையும் அவர் கைவிடவில்லை. குறுக்கே விலாச் சட்டங்கள் வைத்த சீனப் பாய்களை இரண்டு மரங்களில் பிரித்துக் கட்டினார். காற்று மிகும்போது கயிற்றைத் தளர்த்தினால் அத்தகைய பாய் மடிப்பு மடிப்பாகத் தாழும். நள்ளிரவிலும் ஒருவரே அதைச் சுருக்கிவிட முடியும்.

ஹொனலுலுவில் இருவரும் தம் கைகளாலேயே கட்டிய அந்தப் படகுக்குக் ‘கைமிலோவா’ என்று பெயரிட்டனர். தொலைதூரத் தேடல் என்பது அதன் பொருள். 1937 மார்ச்சில் புறப்பட்ட அது, தென்மேற்கே பசிபிக் கடந்து, டாரஸ் நீரிணை வழியாக ஜாவாவை அடைந்தது. இந்தியப் பெருங்கடலைத் தாண்டி கேப் டவுன் சென்றது. அட்லாண்டிக்கில் வடக்கே ஏறி, 1938 மே மாதம் பிரான்ஸின் கான் நகரில் நங்கூரமிட்டது. உலகின் கொந்தளிப்பு மிகுந்த கடல்முனைகளுள் ஒன்றான நன்னம்பிக்கை முனையை, இரண்டே மாலுமிகளுடன் ஓர் இரட்டைப் படகு சுற்றி வந்துவிட்டது. பிளந்துவிடும் என்ற வாதத்துக்கு அதைவிடச் சிறந்த பதில் இல்லை.

அந்த வெற்றியின் விளைவு பதினெட்டு ஆண்டுகளுக்குள் தெரிந்தது. டி பிஸ்ஷோப் எழுதிய பயண நூலால் ஊக்கம் பெற்ற ஜேம்ஸ் வாரம் என்ற ஆங்கிலேய இளைஞர், ஏழு மீட்டர் அளவுள்ள இரட்டைப் படகொன்றைத் தாமே கட்டி, இரண்டு பெண் துணைவர்களுடன் 1955-56இல் அட்லாண்டிக்கைக் கடந்தார். பின்னர் அவர் வரைந்த எளிய வடிவங்களைக் கொண்டு, பெருஞ்செல்வம் இல்லாத பலர் உலகெங்கும் தம் படகுகளைத் தாமே கட்டிக்கொண்டனர்.

டி பிஸ்ஷோப்பின் கடைசிப் பயணங்களோ வேறு பாடம் சொல்கின்றன. 1947-இல் தோர் ஹெயர்டால் ‘கான்-டிக்கி’ மிதவையில் பெருவிலிருந்து பாலினேசியா சென்றபின், தீவு மக்களின் மூதாதையர் தென் அமெரிக்காவிலிருந்து மிதந்து வந்தவர்கள் என்ற கருத்து பேசப்பட்டது. பாலினேசியர்களே திசையறிந்து கடல் கடந்த மாலுமிகள் என்று நம்பிய டி பிஸ்ஷோப், அதை எதிர்த்திசையில் நிறுவ விரும்பினார். 1956 நவம்பரில், அறுபத்தைந்து வயதில், ‘தஹிதி-நுயி’ என்ற மூங்கில் மிதவையில் நால்வருடன் தஹிதியிலிருந்து சிலி நோக்கிப் புறப்பட்டார். மாதக்கணக்கில் நீரில் ஊறிய மூங்கில் மிதப்பை இழந்தது. சிலியை நெருங்கிய நிலையில் மிதவையைக் கைவிட நேர்ந்தது. 1958-இல் இரண்டாவது மிதவையில் திரும்பும்போது அதுவும் மெல்ல அமிழ்ந்தது. அதன் பாகங்களைக் கொண்டே நடுக்கடலில் மூன்றாவது மிதவையைக் கட்டினர். 1958 ஆகஸ்ட் 30 அன்று, ரகஹங்கா தீவின் பவளப்பாறையில் அது மோதியபோது, ஏற்கெனவே நலிவுற்றிருந்த டி பிஸ்ஷோப் உயிரிழந்தார். மற்ற நால்வரும் பிழைத்தனர்.

இந்த இரண்டு தேர்வுகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ‘கைமிலோவா’வும் ஒரு கருத்தை நிறுவக் கட்டப்பட்டதுதான். ஆனால், அதில் ஒவ்வொரு கயிறும் இரண்டு மனிதர்களின் வலிமையை அளவாகக் கொண்டு கட்டப்பட்டது. மிதவையில் கருத்து முன்னே நின்றது; மனிதர்கள் அதற்குப் பின்னே ஏறினர். பாறை எதிர்ப்பட்டால் விலகிச் செல்லும் ஆற்றல் அமிழ்ந்துகொண்டிருக்கும் மிதவைக்கு இல்லை.

இன்று சந்தையில் இரட்டைப் படகுகள் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாகி வருகின்றன. பொத்தானை அழுத்தினால் பாய் ஏறுகிறது. மின்விசை நங்கூரத்தைத் தூக்குகிறது. விசை நின்றுபோன ஓர் இரவில் அதே பாயை இரண்டு கைகளால் இறக்க முடியுமா என்பதே, தனித்தோ துணையுடனோ செல்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி. ஒருவர் உறங்கும்போது மற்றவர் மட்டும் படகை நடத்த இயலுமா, பழுதைத் தம் கையால் நீக்க இயலுமா என்பவை அடுத்தவை. இரட்டைப் படகுக்கும் குறைகள் உண்டு: அளவுக்கு மீறி ஏற்றினால் தன் விரைவை இழக்கும், ஒருமுறை கவிழ்ந்தால் தானாக நிமிராது. ஆகவே, சுமையைக் குறைப்பதும் பாயை உரிய நேரத்தில் சுருக்குவதும் அதில் செல்பவரின் கடமையாகின்றன.

நம் கடற்கரையின் கட்டுமரமும் இதே அறிவின் விளைவுதான். ஏறுபவர் எத்தனை பேர், தூக்கிக் கரை சேர்ப்பவர் எத்தனை பேர் என்று பார்த்தே மரங்கள் பிணைக்கப்பட்டன. ‘ஃபூ போ’வை இழந்து ஹவாய்க் கரையில் நின்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்களும் அந்தக் கணக்கையே போட்டனர். அது சரியாக இருந்ததால், பாதி உலகைச் சுற்றி வீடு திரும்பினர்.