செபத்தில் நிலைத்த புனித தெரேசம்மாள்

பத்தாம் வகுப்பு மாணவி

நாள்தோறும் உண்கிறோம், உறங்குகிறோம், பள்ளிக்கு வருகிறோம். இன்று மனம் வரவில்லை என்று இவற்றில் ஒன்றையும் நாம் விட்டுவிடுவதில்லை. ஆனால் செபத்தை மட்டும், மனம் வந்தால் செய்வது, வராவிட்டால் நாளைக்குத் தள்ளி வைப்பது என்று நடத்துகிறோம். இனிமை தோன்றினால்தான் அது செபம் என்பது நம்மில் பலருடைய எண்ணம். இந்த எண்ணம் தவறு என்பதைத் தம் வாழ்வால் காட்டியவர் புனித அவிலா தெரேசம்மாள். செபத்தின் ஆசிரியை என்று உலகம் போற்றும் இவருக்கே ஏறக்குறைய 18 ஆண்டுகள் செபம் வறண்ட நிலமாக இருந்தது என்றால் வியப்பாக இல்லையா?

நமக்கு நன்கு பழக்கமான சிறுமலர் குழந்தை தெரேசம்மாள் பிரான்சு நாட்டவர். அவிலா தெரேசம்மாளோ ஸ்பெயின் நாட்டவர்; சிறுமலருக்கு ஏறக்குறைய 300 ஆண்டுகள் முற்பட்டவர். இருவரும் கார்மேல் சபைக் கன்னியரே.

இளமைப் பருவம்

ஸ்பெயின் நாட்டில், உயர்ந்த மதில்கள் சூழ்ந்த அவிலா நகரில் 1515ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள் தெரேசம்மாள் பிறந்தார். தந்தை அலோன்சோ, தாய் பெயாத்ரிஸ். பெரிய குடும்பம். தந்தை நல்ல நூல்களைச் சேர்த்து வைத்துப் பிள்ளைகளைப் படிக்கச் செய்தவர்.

தெரேசா சிறுமியாக இருந்தபோது, வேதசாட்சிகளின் வரலாறுகளைத் தம் அண்ணன் ரொத்ரிகோவுடன் சேர்ந்து படித்தார். மூர் மக்களின் நாட்டுக்குப் போய் வேதசாட்சியாக இறந்தால் விரைவில் விண்ணகம் சேரலாம் என்று எண்ணி, இருவரும் ஒருநாள் வீட்டை விட்டுப் புறப்பட்டே விட்டனர்! வழியில் அவர்களைக் கண்ட சிற்றப்பா வீட்டுக்குத் திருப்பி அழைத்து வந்தார். பிறகு இருவரும் தோட்டத்தில் கற்களை அடுக்கித் துறவியர் குடில் கட்டி விளையாடினர். அடுக்கிய கற்களோ சரிந்து சரிந்து விழுந்தன. ஒரே பாய்ச்சலில் புனிதராகிவிட விரும்பிய அச்சிறுமிக்கு, நாள்தோறும் ஒவ்வொரு கல்லாக வைத்துக் கட்டும் வேலையையே ஆண்டவர் பின்னாளில் கொடுத்தார்.

இளம் வயதிலேயே தாயை இழந்த தெரேசா, தேவ அன்னையின் சுரூபத்தின் முன் சென்று, இனி நீரே எனக்குத் தாய் என்று கண்ணீருடன் வேண்டிக்கொண்டார். ஆனால் பருவம் வளர வளர ஆர்வம் திசை மாறியது. வீரக் காதல் கதைகளைத் தந்தைக்குத் தெரியாமல் இரவும் பகலும் படித்தார். ஆடை அணிகளிலும் தலை அலங்காரத்திலும் மனம் சென்றது.

இதைக் கண்ட தந்தை, 1531ஆம் ஆண்டில் அவரை அகுஸ்தினார் சபைக் கன்னியர் மடத்தில் சேர்த்தார். அங்கே தங்கிப் படித்த பெண்களைக் கவனித்து வந்த மரியா பிரிசேனோ என்ற கன்னியரின் நல்லுரையும் முன்மாதிரியும் தெரேசாவின் மனத்தைத் தொட்டன. விட்டுப்போன செபங்களை மீண்டும் சொல்லத் தொடங்கினார்.

இந்நாட்களிலேயே அவரிடம் ஒரு சிறிய பழக்கம் வேரூன்றியது. படுக்கைக்குச் சென்றதும், கெத்சமனித் தோட்டத்தில் இயேசு தனித்திருந்து செபித்ததைச் சற்று நேரம் நினைத்துப் பார்ப்பார். பிறகுதான் உறங்குவார். உறங்குமுன் சிலுவை அடையாளம் வரைவதைப்போல, இதுவும் அவருக்கு விட முடியாத வழக்கமாகிவிட்டது. தியானம் என்றால் என்ன என்று அறியாத வயதிலேயே இதனால் தம் ஆன்மா பெரிதும் பயன் அடைந்ததாக அவர் பிற்காலத்தில் எழுதியுள்ளார்.

மடமும் நோயும்

தெரேசம்மாள் தமது 20ஆம் வயதில், 1535ஆம் ஆண்டில், தந்தையின் விருப்பத்துக்கு மாறாக அவிலாவிலிருந்த மனித அவதாரக் கார்மேல் மடத்தில் சேர்ந்தார். 1537இல் வார்த்தைப்பாடு கொடுத்தார். அடுத்த ஆண்டே கடும் நோய் அவரைப் பற்றியது. சிகிச்சைக்குப் போகும் வழியில் தந்தையின் உடன்பிறந்தவரான பேத்ரோ அவருக்கு ஒரு நூலைக் கொடுத்தார். மனத்தை உள்ளே ஒடுக்கிச் செபிக்கும் முறையைக் கற்பிக்கும் அந்நூலே அவருக்கு முதல் ஆசிரியர் ஆயிற்று.

நோயோ முற்றியது. 1539 ஆகஸ்டு மாதத்தில் நான்கு நாட்கள் உணர்வற்றுக் கிடந்தார். இறந்துவிட்டார் என்று எண்ணி மடத்தில் கல்லறைக் குழியும் தோண்டி வைத்தனர். உயிர் பிழைத்தும், ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் கைகால் முடங்கிக் கிடந்தார். கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழ முடிந்த நாளில் இறைவனுக்கு நன்றி கூறினார். தாம் நலம் பெற்றது புனித சூசையப்பரின் மன்றாட்டினால் என்று இறுதி வரை நம்பினார்.

செபத்தை விட்ட காலம்

நோயில் காத்த செபத்தை நலம் பெற்ற பின் இழந்தார் தெரேசம்மாள். அம்மடத்துக்கு விருந்தினர் பலர் வந்து போவர். இனிமையாகப் பேசும் தெரேசம்மாளைக் காண எல்லோருக்கும் விருப்பம். பேச்சறையில் நேரம் கரைந்தது. இப்படிப்பட்ட நான் எந்த முகத்தோடு ஆண்டவர் முன் அமர்வேன் என்று எண்ணித் தனிச் செபத்தை நிறுத்திவிட்டார். அதைத் தாழ்ச்சி என்றே நினைத்துக்கொண்டார்! மடத்தில் எல்லோரோடும் சேர்ந்து வாய்ச்செபம் சொன்னார். தனிச் செபம் மட்டும் ஓராண்டுக்கு மேல் இல்லை.

இதில் மனத்தை உருக்கும் செய்தி ஒன்று உண்டு. தம் தந்தைக்குத் தியானம் செய்யக் கற்றுக் கொடுத்தவரே தெரேசம்மாள்தான். நூல்களையும் கொடுத்திருந்தார். தந்தை அதில் வேகமாக வளர்ந்தார். மகளோடு இறைவனைப் பற்றிப் பேச ஆவலோடு மடத்துக்கு வருவார். நான் இப்போது தியானம் செய்வதில்லை என்று மகள் ஒருநாள் சொல்ல நேர்ந்தது. உடல்நலம் இல்லை என்று காரணம் கூறினார். நல்ல மனம் படைத்த தந்தை அதை அப்படியே நம்பி இரக்கப்பட்டுத் திரும்பினார். அது முழு உண்மை அல்ல என்பது மகளின் உள்ளத்துக்குத் தெரியும்.

1543ஆம் ஆண்டு இறுதியில் தந்தை மரணப் படுக்கையில் விழுந்தார். தெரேசம்மாள் அருகிலிருந்து பணிவிடை செய்தார். விசுவாச மந்திரத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, பாதியில் தந்தையின் உயிர் பிரிந்தது. தந்தைக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்டு வந்த சாமிநாதர் சபைக் குருவிடம் தெரேசம்மாள் தம் நிலையைத் திறந்து கூறினார். செபத்தை மீண்டும் தொடங்க வேண்டும், எக்காரணம் கொண்டும் விடக்கூடாது என்று அவர் அறிவுறுத்தினார். அன்று தொடங்கிய செபத்தைத் தெரேசம்மாள் இறக்கும் வரை விடவில்லை.

மணி ஓசைக்குக் காத்திருந்தவர்

மீண்டும் தொடங்கியதும் செபம் தேனாக இனித்ததா? இல்லை! செபிக்க அமர்ந்தால் மனம் எங்கோ ஓடும். குறித்த ஒரு மணி நேரம் எப்போது முடியும், கடிகாரம் எப்போது அடிக்கும் என்று செவி காத்திருக்கும். செபக் கூடத்துக்குள் நுழையும்போதே துயரம் வந்து கவ்வும். கடுமையான தவமுயற்சி எதையும் இதைவிட எளிதாகச் செய்துவிடலாம் என்று தோன்றும். பள்ளிக் கோவிலில் அமர்ந்து மணியை எதிர்பார்த்த அனுபவம் நம்மில் யாருக்கு இல்லை? மாபெரும் புனிதைக்கும் அதே அனுபவம்தான்.

ஆனால் ஒரு வேறுபாடு. கடிகாரம் அடிக்கும் வரை அவர் எழுந்து போகவில்லை. மறுநாளும் அதே நேரத்துக்கு வந்தார். வெறுங்கையோடு வரவும் இல்லை. ஒரு நூலைக் கொண்டு வந்தார். மனம் சிதறினால் சில வரிகள் படிப்பார். மனம் அடங்கினால் நூலை மூடுவார். சில நாட்களில் நூலைத் திறப்பதே போதுமாக இருந்தது. நற்கருணை உட்கொண்ட வேளையைத் தவிர மற்ற வேளைகளில் நூல் இன்றிச் செபிக்கத் துணியாத நிலை 18 ஆண்டுகள் நீடித்தது.

1554ஆம் ஆண்டில், அவருக்கு 39 வயதானபோது, காயங்கள் நிறைந்த இயேசுவின் சுரூபம் ஒன்றைக் கண்டு அதன் முன் விழுந்து அழுதார். அதே காலத்தில் புனித அகுஸ்தினாரின் தன்வரலாற்று நூலும் அவர் கைக்குக் கிடைத்தது. அதன்பின் அவர் செபம் ஆழம் பெற்றது.

பிற்காலத்தில் இந்த அனுபவத்தைத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுவதாக அவர் விளக்கினார். முதலில் கிணற்றிலிருந்து வாளியால் கை நோக இறைக்க வேண்டும். அடுத்து, சக்கரம் சுழற்றி இறைத்தால் உழைப்புக் குறையும். பிறகு ஆற்று நீரே வாய்க்காலில் பாயும். கடைசியில் மழை பெய்யும். அங்கே தோட்டக்காரனுக்கு வேலையே இல்லை. மழை இறைவனின் கொடை. ஆனால் வாளியை எடுப்பது நம் வேலை. கிணறு வறண்ட நாளிலும் தோட்டக்காரன் தன் கடமையைச் செய்தால், ஆண்டவர் தண்ணீர் இன்றியே செடிகளைக் காப்பார் என்பது அவர் நம்பிக்கை.

விவிலியம் கையில் இல்லாத காலம்

தெரேசம்மாள் சிறு வயது முதல் விரும்பிய நற்செய்திப் பகுதி, கிணற்றருகே சமாரியப் பெண்ணோடு இயேசு உரையாடியது. அந்தப் படத்தை எப்போதும் தம்மோடு வைத்திருந்தார். அப்பெண்ணைப் போலவே, அந்தத் தண்ணீரை எனக்குத் தாரும் என்று பலமுறை வேண்டினார்.

ஆயினும் முழு விவிலியத்தைத் தம் தாய்மொழியில் படிக்கும் பேறு அவருக்குக் கிடைக்கவில்லை. அக்காலத்தில் ஸ்பெயினில் தாய்மொழி விவிலியம் தடை செய்யப்பட்டிருந்தது. அவருக்கு இலத்தீன் நன்கு தெரியாது. 1559இல் விசாரணைச் சபை வெளியிட்ட பட்டியலால் அவர் விரும்பிப் படித்த வேறு நூல்கள் பலவும் பறிபோயின. வருந்திய அவருக்கு, இயேசுவே உயிருள்ள நூலாக இருப்பதாகச் செபத்தில் ஆறுதல் கிடைத்தது. திருப்பலியிலும் மறையுரையிலும் கேட்ட இறைவார்த்தையையும், கிறிஸ்துவின் வாழ்வை விரித்துரைத்த நூல்களில் கண்ட நற்செய்திப் பகுதிகளையும் மனத்தில் பதித்துக்கொண்டார். அவருடைய நூல்களில் விவிலியக் கருத்துகள் நிறைந்திருப்பது இதனால்தான்.

புதிய மடங்கள்

1562 ஆகஸ்டு 24ஆம் நாள் அவிலாவில் புனித சூசையப்பர் பெயரால் சிறிய மடம் ஒன்றை நான்கு பெண்களுடன் தொடங்கினார். கோடையில் ஐந்து மணிக்கும், குளிர்காலத்தில் ஆறு மணிக்கும் எழ வேண்டும். எழுந்ததும் ஒரு மணி நேரத் தியானம். மாலையில் மீண்டும் ஒரு மணி நேரம். நல்ல நூல் படிக்கத் தனி நேரம். இரவில் மனச்சான்றை ஆராய்தல் என ஒழுங்கு வகுத்தார். உடலுக்கு உணவு போல ஆன்மாவுக்கு நல்ல நூல் தேவை என்பதால், மடத்தில் எந்த எந்த நூல்கள் இருக்க வேண்டும் என்பதையும் தலைவிக்கு எழுதி வைத்தார்.

செபம் என்று சொல்லி வேலையைத் தட்டிக் கழிக்க அவர் இடம் கொடுக்கவில்லை. சமையலறையில் பானைகளுக்கு நடுவிலும் ஆண்டவர் உலவுகிறார் என்று கற்பித்தார். தியானம் வராது, பரலோக மந்திரம் மட்டுமே சொல்லத் தெரியும் என்று வருந்தி வந்த முதிய கன்னியர் ஒருவரை விசாரித்தார். அந்த ஒரு மந்திரத்தையே பொருள் உணர்ந்து சொல்லி அவர் உயர்ந்த செபநிலை அடைந்திருப்பதைக் கண்டு வியந்தார்.

முதல் மடம் உட்பட 17 மடங்களை அவர் நிறுவினார். வெயிலிலும் மழையிலும் மூடு வண்டிகளில் பயணம். வண்டிக்குள்ளும் சிறு மணி அடித்துச் செப நேரத்தைக் கடைப்பிடித்தனர். ஓயாத இந்த வேலைகளுக்கிடையே, 1577இல் உள்ளத்தின் மாளிகை என்ற கருத்தை வைத்துத் தம் சிறந்த நூலை எழுதினார். செபத்தில் வரும் பராக்குகளைத் திரிகை ஆலையின் இரைச்சலுக்கு ஒப்பிட்டார். ஆலை இரைந்துகொண்டே இருக்கட்டும். நாம் மாவு அரைப்பதை நிறுத்த வேண்டாம் என்பது அவர் அறிவுரை.

1582 அக்டோபர் 4ஆம் நாள் இரவு ஆல்பா தே தோர்மஸ் மடத்தில், தாம் திருச்சபையின் மகளாக இறப்பதற்காக இறைவனுக்கு நன்றி கூறி உயிர் துறந்தார். நாட்காட்டி திருத்தப்பட்டதால் மறுநாளே அக்டோபர் 15 ஆயிற்று. அதுவே அவர் திருநாள். 1622 மார்ச் 12ஆம் நாள் அவர் புனிதர் பட்டம் பெற்றார். நம் முத்துக்குளித்துறை மக்களுக்குச் செபங்களைத் தமிழில் கற்பித்த புனித சவேரியாரும் அதே நாளில்தான் பட்டம் பெற்றார். 1970 செப்டம்பர் 27ஆம் நாள் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் தெரேசம்மாளைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார். இச்சிறப்பைப் பெற்ற முதல் பெண் இவரே!

நாம் செய்ய வேண்டுவது

அன்புத் தோழியரே! தெரேசம்மாளுக்குக் கிடைக்காத விவிலியம் இன்று நம் இனிய தமிழில் நம் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது. அது அலமாரியிலேயே இருந்தால் என்ன பயன்? நாள்தோறும் ஒரே நேரத்தைக் குறிப்போம். கால் மணி நேரமானாலும் போதும். நற்செய்தியின் சில வரிகளைப் படிப்போம். மனம் ஓடினால் மீண்டும் அதே வரிக்கு வருவோம். உறங்குமுன் இயேசுவைச் சற்று நினைப்போம். தேர்வுக் காலமானாலும், மனம் சோர்ந்தாலும், தவறு செய்துவிட்டோம் என்ற வெட்கம் வந்தாலும் அந்த நேரத்தை மட்டும் விடாதிருப்போம். வெட்கப்பட்டுச் செபத்தை விட்ட நாட்களையே தம் வாழ்வின் பெரிய ஆபத்தாகப் புனிதை கருதினார் அல்லவா?

வாளியை எடுத்துக் கிணற்றடிக்குச் செல்வோம். மழையை ஆண்டவர் தம் காலத்தில் தருவார். புனித அவிலா தெரேசம்மாளே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!