ஒகினோ கண்ட கணக்கு

ஜப்பான் நாட்டின் மேற்குக் கடற்கரையிலே, குளிர்காலம் வந்தால் பனி கொட்டித் தீர்க்கும் நீகாட்டா நகரிலே, ஒரு தெருவுக்கு ஒகினோ தெரு என்று பெயர். படை நடத்திய தளபதியின் பெயரல்ல அது. முடி தரித்த மன்னனின் பெயருமல்ல. அந்த ஊர் ஆஸ்பத்திரியிலே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்த ஒரு மகப்பேறு டாக்டரின் பெயர். கியூசாகு ஒகினோ! பெண்ணின் உடலிலே கருத்தரிக்கும் காலம் எது என்ற நெடுநாள் புதிருக்கு விடை கண்டவர். அந்த விடையை உலகம் வேறொரு காரியத்துக்கு எடுத்துக்கொண்டபோது, அது ஆபத்து என்று எச்சரித்தவரும் அவரேதான்.

1882ஆம் ஆண்டு தொயோஹாஷி நகரிலே, நகமுரா குடும்பத்திலே பிறந்தார். ஒகினோ குடும்பத்துக்குத் தத்துப்பிள்ளையாகப் போனார். அந்தப் பெயரே நிலைத்தது. 1909இல் டோக்கியோ பல்கலைக் கழகத்திலே மருத்துவப் பட்டம் பெற்றார். 1912இல் நீகாட்டாவிலுள்ள தகேயாமா ஆஸ்பத்திரிக்கு வந்து, மகளிர் மருத்துவப் பகுதியின் பொறுப்பை ஏற்றார். வந்தவர் அந்த ஊரைவிட்டுப் போகவேயில்லை.

பிள்ளை பெற்றுப் பெற்று உடல் நலிந்த தாய்மார்கள் ஒரு பக்கம். பிள்ளை இல்லை என்ற ஒரே குற்றத்துக்காக ஏச்சும் பேச்சும் கேட்ட மருமகள்கள் மறு பக்கம். இரு சாராரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: கரு எப்போது உண்டாகிறது?

மருத்துவ உலகம் அன்று தெளிவான பதில் சொல்லவில்லை. முந்தைய மாதவிடாயின் முதல் நாளிலிருந்து முன்னோக்கி எண்ணினார்கள். ஒருவர் ஒரு நாளைச் சொன்னார், மற்றொருவர் வேறொரு நாளைச் சொன்னார். ஒகினோ என்ன செய்தார்? ஏட்டை மூடினார், உடலைப் பார்த்தார். வேறு நோய்களுக்காக வயிற்றிலே அறுவைச் சிகிச்சை செய்யும்போது, சினைப்பையை உற்று நோக்கினார். முட்டை வெளிப்பட்டுவிட்டதா, இல்லையா என்று குறித்தார். அந்தப் பெண்களின் மாதவிடாய் நாட்களைக் கேட்டறிந்து, இரண்டையும் ஒப்பிட்டார்.

அப்போது விளங்கிற்று உண்மை. எண்ண வேண்டியது முன்னோக்கி அல்ல, பின்னோக்கி! அடுத்த மாதவிடாய்க்கு 12 முதல் 16 நாட்களுக்கு முன்பு முட்டை வெளிப்படுகிறது. மாதவிடாய்ச் சுற்று 26 நாளாயினும், 40 நாளாயினும், கடைசிப் பகுதியின் நீளம் அதிகம் மாறுவதில்லை. முன் பகுதிதான் நீள்கிறது, குறுகுகிறது. 1924இல் இதை ஜப்பானிய மொழியிலே வெளியிட்டார். பின்னர் ஜெர்மனிக்குச் சென்று, 1930இல் ஜெர்மன் மருத்துவ ஏட்டிலும் எழுதினார். ஏறத்தாழ அதே காலத்தில், ஆஸ்திரியாவின் ஹெர்மன் க்னாஸ் என்ற மருத்துவரும் வேறு வழியாக வந்து இதையொத்த முடிவுக்கே சேர்ந்தார்.

பிள்ளை வேண்டுவோருக்கு வழி கிடைத்தது என்று மகிழ்ந்தார் ஒகினோ. உலகமோ கணக்கைத் தலைகீழாகத் திருப்பிற்று. கருத்தரிக்கும் நாள் தெரியுமானால், கருத்தரிக்காத நாளும் தெரியுமல்லவா? பிறந்தது பாதுகாப்பு நாள் முறை! 1932இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் லியோ லாட்ஸ் என்ற கத்தோலிக்க மருத்துவர் இதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ், தக்க காரணம் உள்ள தம்பதிகள் இதைக் கைக்கொள்ளலாம் என்றார். வேறு கருத்தடைகள் விலக்கப்பட்டிருந்த வீடுகளிலே, காலண்டர் மாட்டிய சுவரே மருத்துவராயிற்று.

விளைவு? கணக்குத் தவறிப் பிறந்த பிள்ளைகளுக்கு, பிரான்சு நாட்டிலே ஒகினோ குழந்தைகள் என்றே பெயர் சூட்டிச் சிரித்தார்கள். சிரித்தது ஊர், சுமந்தது தாய்!

எங்கே தவறிற்று? அடுத்த மாதவிடாயிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும் என்றார் ஒகினோ. அடுத்த மாதவிடாய் எப்போது வரும் என்று முன்கூட்டியே யாருக்குத் தெரியும்? வந்த பிறகல்லவா தெரியும்! மாதம் தவறாமல் 28ஆம் நாள் வருகிறவளுக்காவது ஊகம் உண்டு. ஒழுங்கின்றி வருகிறவளுக்கு?

கணக்கைப் போட்டே பார்ப்போம். குறுகிய சுற்றிலிருந்து 18ஐயும், நீண்ட சுற்றிலிருந்து 11ஐயும் கழிக்க வேண்டும் என்பது அம்முறையின் விதி. ஒருத்திக்கு ஒரு முறை 26 நாளில் வருகிறது, மறுமுறை 35 நாளில் வருகிறது. 8ஆம் நாள் முதல் 24ஆம் நாள் வரை, ஆக 17 நாட்கள் ஆபத்து நாட்கள்! அடுத்த சுற்று 40 நாளாக நீண்டுவிட்டால், முட்டை வெளிப்படுவது ஏறக்குறைய 26ஆம் நாள். பாதுகாப்பு என்று அவள் நம்பியிருந்த நாள் அது. ஆணின் விந்தணுவோ பெண்ணின் உடலுக்குள்ளே ஐந்து நாள் வரை உயிரோடிருக்கக் கூடியது. ஒழுங்கற்ற மாதவிடாய் உள்ளவளுக்கு, இன்று கரு நிற்காது என்று உறுதி கூற எந்தக் காலண்டராலும் முடியாது.

இதை உணர்ந்தவர் ஒகினோ. தன் பெயர் தாங்கிய முறை உலகெங்கும் பரவியபோது அவர் பூரிக்கவில்லை, எதிர்த்தார். இதைவிட நல்ல முறைகள் இருக்கும்போது, தவறக்கூடிய கணக்கை நம்பவைத்தால், வேண்டாத கருவும் அதைத் தொடர்ந்து கருச்சிதைவுமே பெருகும் என்பது அவர் வாதம். புகழைவிடப் பெண்ணின் உயிர் பெரிதெனக் கொண்டவர். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான அறுவைச் சிகிச்சையைச் சீர்படுத்தியதிலும் அவருக்குப் பெரும் பங்குண்டு. 1975 ஜனவரி முதல் நாள், தம் 92ஆம் வயதில் மறைந்தார்.

அவர் கண்ட உண்மை இன்று வேறு வடிவிலே கைகொடுக்கிறது. முட்டை வெளிப்படும் நாளைத் தள்ளிப்போடுவதுதான் அவசரக் கருத்தடை மாத்திரையின் வேலை. லெவோநோர்ஜெஸ்ட்ரல் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு விரைவாக முடியுமோ அவ்வளவு விரைவாக உட்கொள்ள வேண்டும். முட்டை ஏற்கெனவே வெளிப்பட்டிருந்தால் அது பயன் தராது. தரித்துவிட்ட கருவை அது கலைக்காது. ஐந்து நாட்களுக்குள் மருத்துவரிடம் பொருத்திக்கொள்ளும் காப்பர் டி அதைவிட உறுதியானது. மாத்திரைக்குப் பின் மாதவிடாய் சில நாள் முந்தலாம், பிந்தலாம். எப்போதுமே ஒழுங்கின்றி வருகிறவள், தள்ளிப்போயிற்றா இல்லையா என்று நாள் எண்ணித் தவிக்க வேண்டாம். உறவு நடந்து மூன்று வாரம் கழித்துச் சிறுநீர்ச் சோதனை செய்தால் உண்மை தெரிந்துவிடும்.

ஆனால் ஒகினோ பிறந்த நாடே தாமதித்தது! கருத்தடை மாத்திரைக்கு ஜப்பான் அனுமதி தந்தது 1999இல்தான். அவசர மாத்திரைக்கு 2011இல், அதுவும் மருத்துவர் சீட்டோடு. 2023இல்தான், சீட்டின்றி விற்றுப்பார்க்கும் சோதனை சில மருந்துக்கடைகளில் தொடங்கிற்று. 72 மணி நேரமே கெடு உள்ள மருந்துக்கு, எத்தனை ஆண்டுத் தாமதம்!

நீகாட்டாவின் தெருப்பலகையிலே ஒகினோவின் பெயர் இருக்கிறது. அது போதாது. நாள் எண்ணி நடுங்கும் பெண்ணுக்கு நாட்காட்டியைக் காட்டாதே, நம்பத்தக்க மருந்தைக் காட்டு! அந்த மருத்துவருக்கு நாம் செய்யும் மரியாதை அதுதான்.