நிறங்களால் கணக்குப் போட்ட பாஸ்கராச்சாரியார்



கணக்குப் பரீட்சையில் நம்மில் பல பேர் கடைசிக்குத் தள்ளி வைப்பது எது? வாக்கியக் கணக்குதான்! சமன்பாட்டை அவர்களே கொடுத்துவிட்டால் நீக்கல் முறை, பிரதியிடல் முறை என்று கடகடவென்று போட்டுவிடுவோம். அதையே இரண்டு பேர், பணம், மடங்கு என்று கதையாகக் கேட்டால் பேனா நகராது. அப்படிப்பட்ட கதைக் கணக்குகளை ஆசை ஆசையாக உருவாக்கிய ஒரு மேதையின் வரலாற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பிறப்பும் படிப்பும்

பாஸ்கராச்சாரியார் கி.பி. 1114-ல் பிறந்தார். சஹ்யாத்ரி மலைப் பகுதியில் விஜ்ஜடவிடம் என்பது அவருடைய ஊர். 7-ஆம் நூற்றாண்டில் இதே பெயரில் இன்னொரு கணித அறிஞர் இருந்ததால் இவரை இரண்டாம் பாஸ்கரர் என்பார்கள். அப்பா மகேஸ்வரர்தான் இவருக்குக் குரு.

1150-ல், தன் 36-வது வயதில், சித்தாந்த சிரோமணி என்ற பெரிய நூலை எழுதி முடித்தார். அதில் நான்கு பாகங்கள். லீலாவதி எண்கணிதம்; பீஜகணிதம் நம்ம இயற்கணிதம்; மற்ற இரண்டும் வானியல். 69-வது வயதில், 1183-ல், கரண குதூகலம் என்ற வானியல் நூலையும் எழுதினார்.

லீலாவதி என்பது அவருடைய மகள் பெயர் என்றும், நீர்க்கடிகாரத்தில் முத்து விழுந்து அவள் கல்யாண முகூர்த்தம் தவறிப் போனதாகவும் ஒரு கதை உண்டு. அந்தக் கதை பாஸ்கரர் எழுதிய நூலில் இல்லை. அக்பர் கேட்டுக்கொண்டபடி 1587-ல் பைஸி பாரசீகத்தில் மொழிபெயர்த்தபோது சொன்னது அது. ஆனால் ஒரு பெண்ணைக் கூப்பிட்டு அவளிடம் கணக்குக் கேட்பது போல அந்த நூல் அமைந்திருப்பது உண்மை.

எக்ஸ் இல்லை, கருப்பும் நீலமும்!

தெரியாத எண்ணுக்கு நாம் எக்ஸ், ஒய் என்று பெயர் வைக்கிறோம். இந்த எழுத்துகளைப் பரப்பியவர் பிரான்ஸ் நாட்டு தெகார்த். அவர் நூல் வந்தது 1637-ல். பிரெஞ்சுக்காரர்கள் நம்ம காரைக்காலுக்கு வந்ததே அதற்கு 102 வருடம் கழித்து, 1739-ல்தான்! பாஸ்கரரோ தெகார்த்துக்கும் 487 வருடம் முந்தியவர். அப்போ அவர் என்ன செய்தார்?

முதல் தெரியாத எண்ணுக்கு யாவத்தாவத் என்று பெயர். எவ்வளவோ அவ்வளவு என்று அர்த்தம். இரண்டாவது கருப்பு (காலகம்), மூன்றாவது நீலம் (நீலகம்), பிறகு மஞ்சள், சிவப்பு. முதல் எழுத்தை மட்டும் எடுத்து யா, கா, நீ என்று சுருக்கி எழுதினார்கள். தெரியாத எண்ணை நிறம் என்று அழைக்கும் வழக்கம் 7-ஆம் நூற்றாண்டில் பிரம்மகுப்தரிடமே இருந்தது. பாஸ்கரர் அதை வைத்து மாணவர்களுக்குப் புரியும்படி நிறைய கணக்குகள் தந்தார்.

அவருடைய ஒரு கணக்கு

இரண்டு நண்பர்கள். நீ எனக்கு 100 காசு கொடுத்தால் உன்னைப் போல் 2 மடங்கு என்னிடம் இருக்கும் என்கிறார் முதலாமவர். நீ எனக்கு 10 காசு கொடுத்தால் உன்னைப் போல் 6 மடங்கு என்னிடம் இருக்கும் என்கிறார் இரண்டாமவர். யாரிடம் எவ்வளவு?

முதலாமவர் எக்ஸ், இரண்டாமவர் ஒய் என்று வைத்து இரண்டு சமன்பாடு எழுதலாம். அதுவும் சரிதான். பாஸ்கரர் வேறு மாதிரி யோசித்தார். முதலாமவரிடம் 2யா − 100, இரண்டாமவரிடம் யா + 100 என்று வைத்தார். ஏன் தெரியுமா? 100 காசு கைமாறியதும் ஒருவரிடம் 2யா, மற்றவரிடம் யா. அதாவது முதல் வாக்கியம் எழுதும்போதே முடிஞ்சு போச்சு! மீதி ஒரே சமன்பாடுதான்.

10 காசு கைமாறிய பிறகு:
யா + 110 = 6 (2யா − 110)
யா + 110 = 12யா − 660
11யா = 770
யா = 70

ஆகவே முதலாமவரிடம் 40, இரண்டாமவரிடம் 170. சரிபார்ப்போம். 140 என்பது 70-ன் 2 மடங்கு. 180 என்பது 30-ன் 6 மடங்கு. சரியா வந்துடுச்சு!

இதில் எனக்கு மிகவும் பிடித்தது என்னன்னா, அவர் கேள்வியில் கேட்டதற்கு நேராகப் பெயர் வைக்கவில்லை. எதற்குப் பெயர் வைத்தால் வேலை பாதியாகும் என்று பார்த்து வைத்தார். சமன்பாட்டைத் தீர்ப்பது கை வேலை. பெயர் வைப்பதுதான் மூளை வேலை. குறியீடுகள் வெறும் துணைதான், புத்திதான் உண்மையான பீஜகணிதம் என்பது அவருடைய கருத்து. வாக்கியக் கணக்கைக் கண்டால் பயப்படுகிற நமக்கு இதைவிட நல்ல வழி வேறு என்ன வேண்டும்?

பிற்காலம்

அவர் மகன் லட்சுமீதரரும், பேரன் சங்கதேவரும் அரசவை அறிஞர்களாக இருந்தார்கள். தாத்தாவின் நூல்களைச் சொல்லிக் கொடுப்பதற்காகவே பேரன் ஒரு மடம் அமைத்தார். அதைச் சொல்லும் 1207-ஆம் ஆண்டுக் கல்வெட்டு மகாராஷ்டிராவில் பாட்ணா என்ற ஊரில் கிடைத்தது. இரண்டு பாஸ்கரர்களின் நினைவாக 1979-லும் 1981-லும் விண்ணில் செலுத்தப்பட்ட இந்தியச் செயற்கைக்கோள்களுக்கு பாஸ்கரா என்றே பெயர் வைத்தார்கள். தாத்தாவுக்குப் பேரன் பள்ளிக்கூடம் கட்டியதுதான் எனக்குச் செயற்கைக்கோளை விடப் பெருசாத் தெரியுது.

நீங்களும் போட்டுப் பாருங்க

மாங்கனித் திருவிழாவில் மாடியிலிருந்து வீசுகிற மாம்பழத்துக்கு விலை கிடையாது. கடை மாம்பழத்துக்கு உண்டு! ஒரு கடையில் 5 மாம்பழமும் 3 கொய்யாவும் 115 ரூபாய். 3 மாம்பழமும் 5 கொய்யாவும் 85 ரூபாய். ஒவ்வொன்றும் என்ன விலை?

சிறு குறிப்பு: இரண்டு வரியையும் ஒரு தடவை கூட்டுங்க, ஒரு தடவை கழிங்க. விடை கண்டவர்கள் இந்தத் தாளின் கீழே விட்டிருக்கும் இடத்தில் பென்சிலால் எழுதலாம். விடையோடு, எதற்கு என்ன நிறம் வைத்தீர்கள் என்பதையும் எழுதுங்க!