நாடிழந்த மன்னரின் இசைத்தாள்கள்

மட்டாஞ்சேரி அரண்மனையைப் பார்க்காதவர் நம்மில் இரார். போர்த்துக்கீசியர் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்த மாளிகை அது. அங்கே ஐரோப்பியக் கைவேலை அரசரை நாடி வந்தது. அரசரே ஐரோப்பியக் கலையை நாடிப்போன வரலாறு ஒன்று தஞ்சையில் உண்டு. இரண்டாம் சரபோஜி மன்னரின் வாழ்க்கைதான் அது.

1777இல் பிறந்த சரபோஜியைப் பத்தாம் வயதில் துளஜா மன்னர் சுவீகாரம் எடுத்தார். அதே ஆண்டில் மறைந்தும் போனார். அரியணை அமர்சிங்கின் கைக்குச் சென்றது. சிறுவனுக்கோ அரண்மனையே சிறையாயிற்று. ஜெர்மானியப் பாதிரியார் சுவார்ட்ஸ் தலையிட்டதால், 1793இல் சென்னைக்கு வந்து கல்வி கற்றார். 1798இல் முடிசூடினார். மறு ஆண்டே ஓர் உடன்படிக்கையால் கும்பினியார் நாட்டாட்சியை எடுத்துக்கொண்டனர். மன்னருக்கு எஞ்சியவை கோட்டையும் மானியமும்தாம்.

பொம்மை அரசர் என்று சரித்திரம் படிப்போர் சிலர் இவரை ஒதுக்கிவிடுகின்றனர். எனக்கு அது உடன்பாடன்று. அந்த மானியம் எங்கே போயிற்று என்று பாருங்கள்! ஏடுகளாகவும் நூல்களாகவும் சரசுவதி மகாலில் சேர்ந்தது. மேனாட்டு வாத்தியங்களாக வந்திறங்கியது. அரண்மனையில் பேண்டு வாத்தியக் குழு ஒன்று முழங்கியது. அதற்கான மேனாட்டு இசைத்தாள்களும் நூலகத்தில் குவிந்தன.

ஐந்து கோடுகளின் மேல் புள்ளிகள் இட்டு எழுதும் முறை அது. தாள் எந்த நாட்டில் அச்சானால் என்ன, அதில் வழங்கும் குறிப்புச் சொற்கள் பெரும்பாலும் இத்தாலிய மொழியே. அல்லெக்ரோ என்றால் விறுவிறுப்பாக. பியானோ என்றால் மெல்ல. காவிரிக் கரையில் இத்தாலியச் சொல்! அதே காலத்தில், 1808இல், இத்தாலியின் மிலான் நகரில் ஜியோவன்னி ரிக்கோர்டி இசைப் பதிப்பகம் தொடங்கினார். வெர்டி, புச்சினி ஆகியோரின் கையெழுத்துப் படிகளை அந்த நிலையம் காத்தது. ரிக்கோர்டிக்கு அது தொழில். நம் மன்னருக்கோ தீராத வேட்கை.

மேனாட்டு வயலின் நம் இசையில் வேரூன்றியதும் அந்நாளில்தான். தஞ்சை நால்வரில் இளையவரான வடிவேலு அதில் வல்லவர். பின்னர் திருவிதாங்கூர் சென்று, 1834இல் சுவாதித் திருநாளிடம் தந்தத்தாலான வயலினைப் பரிசாகப் பெற்றார்.

1832இல் சரபோஜி மறைந்தார். மகன் சிவாஜிக்கு ஆண்வாரிசு இல்லையென்று, 1855இல் கும்பினியார் அந்தப் பெயரளவு அரசையும் முடித்தனர். நூலகம் தப்பியது, 1918இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. சுவடிகளுடன் அந்த இசைத்தாள்களும் அங்கே இருக்கின்றன. அவற்றில் ஒன்றையேனும் யாராவது வாசிக்கக் கேட்கவேண்டும் என்பது என் ஆசை. நம் சங்கத்தில் வயலின் பயிலும் நண்பர்கள் விடுமுறைக்குத் தஞ்சைப் பக்கம் போவதுண்டா?